எஞ்சின் கைபிடியை நீங்களும் பிடியுங்கள், தங்கச்சி

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறோம். என் கணவர் இந்த வருடம் ஓய்வு பெற்றார். காசு கைக்கு வந்ததும் 25 குதிரைவலு எஞ்சினோடு பாவித்த 19 அடி பைபர் படகொன்றை வாங்கிவிட்டார். கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் என்று கரையோரமாகவே இருவரும் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர், இறங்குதுறையை நெருங்கினால் கத்துகிறார். கயிற்றை எறிந்தாலும் பிழை, எறியாவிட்டாலும் பிழை. இரண்டு தடவை அழுதுகொண்டு வீடு வந்தேன். எனக்கு நீச்சலும் அரைகுறை. இனிமேல் நான் போகாமல் நின்றுவிடவா?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: நிற்க வேண்டாம், தங்கச்சி. நீங்கள் எழுதியதில் பாதிக்கு மருந்து கையால் காட்டும் சைகைதான்.

அவர் இருக்கும் இடத்தை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். எஞ்சின் அவருடைய முழங்கைக்குப் பின்னால் இரைகிறது. நீங்கள் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், காற்றுக்குள் நிற்கிறீர்கள். சாதாரணமாகச் சொன்னால் உங்களுக்குக் கேட்காது, அதனால் கத்துகிறார். அது உங்கள் காதில் விழுவதற்குள் படகு இன்னும் நாலு அடி போய்விடும். படகுக்கு பிரேக் கிடையாது. அந்தப் பதற்றம்தான் உங்களுக்குக் கோபமாகக் கேட்கிறது. துறைக்கு 100 மீட்டர் இருக்கும்போதே எஞ்சினை நியூட்ரலில் விட்டு இருவரும் பேசிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் அணைக்கிறோம், காற்று எங்கிருந்து வருகிறது, எந்தக் கயிறு முதலில். காற்றுக்கு எதிர்முகமாக அணைத்தால் காற்றே வேகத்தைக் குறைத்துத் தரும். அதன்பிறகு வாயே திறக்க வேண்டாம். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து, கை அசைத்தால் மெல்ல வா, அவ்வளவுதான். இந்தச் சைகைகளை வீட்டு முற்றத்திலேயே பேசிப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: படகைத் தடுக்கக் காலை நீட்டாதீர்கள். படகுக்கும் கல்லுக்கும் நடுவில் கால் அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது.

அடுத்த பாதிதான் பெரியது. உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட நீங்கள் எஞ்சினைத் தொட்டதாக இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என் கணவருக்குச் சீனி வருத்தம். ஓர் ஆடி மாதம் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவின் நடுவில் அவருக்குச் சீனி இறங்கி, வியர்த்து, பலகையில் சாய்ந்துவிட்டார். தேநீர்ப் போத்தலும் குளுக்கோஸும் என் பையில் இருந்தன, கொடுத்தேன். எஞ்சின் நின்றுபோயிருந்தது. அதை எழுப்ப எனக்குத் தெரியாது. கச்சான் காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே போனது. வலைக்குப் போன ஒரு படகு எங்களைக் கண்டு கட்டி இழுக்கும்வரை ஒன்றரை மணித்தியாலம், அவருடைய தலையை மடியில் வைத்தபடி, கரை சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே எஞ்சின் ஓட்டப் பழகத் தொடங்கினேன்.

கச்சானை நம்பி ஏமாறாதீர்கள். அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. அதனால் கரையோரம் தண்ணீர் தட்டுப்போலத் தெரியும். எஞ்சின் நின்றால்தான் அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று விளங்கும். நங்கூரம் போட்டு நிற்கலாம் என்றால், கொட்டியாரக்குடாவின் அடியில் பெரும் பள்ளத்தாக்கு ஓடுகிறது. ஆழமான இடத்தில் உங்கள் கயிறு எட்டாது. ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறாவது வேண்டும். ஆகவே குடாவைக் குறுக்கே வெட்டாமல், கரையைப் பிடித்தே போங்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மற்றது தொடக் கூடாதது.

எஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வந்திருக்கும். அதை ஓட்டுபவர் கையிலோ காலிலோ மாட்ட வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். பலர் அதை மாட்டுவதே இல்லை. மாட்டுகிறவர்களும் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. அவர் விழும்போது கயிறும், அதன் நுனியில் எஞ்சினோடு மாட்டும் கொளுவியும் அவரோடு போய்விடும். அந்தக் கொளுவி இல்லாமல் பெரும்பாலான எஞ்சின்கள் திரும்ப இயங்காது. அப்போது நீங்கள் படகில், அவர் தண்ணீரில். மேலதிகக் கொளுவி ஒன்றை வாங்கி உங்கள் உயிர்காப்பு அங்கியிலேயே கட்டி வையுங்கள். இது நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது.

பழகுவதற்குக் கிண்ணியாப் பக்கம் தம்பலகாமக் குடா நல்லது. அலை குறைவு, கரையில் கண்டல் மரங்கள், ஆழமும் அதிகமில்லை. வலைகளின் மிதவைகளை மட்டும் பார்த்து விலகுங்கள்; அது இன்னொருவரின் சோறு, உங்கள் ப்ரொப்பலருக்கும் கேடு. கிண்ணியாப் பாலத்தடியில் நீரோட்டம் இழுக்கும், அங்கே முதல் நாளே போக வேண்டாம். (2009இல் அந்த 396 மீட்டர்ப் பாலம் வருமுன் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி அக்கரை போன காலத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.) உள்துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருப்பதால் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று முன்கூட்டியே கேட்டு, அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். மூதூரில் மகாவலி கடலில் விழும் இடத்தை மாரி முடிந்த முதல் மாதங்களில் நம்பாதீர்கள். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இப்போது மணல்திட்டு இருக்கும்.

ஐப்பசி பிறந்தால் படகைக் கரையில் ஏற்றிவிடுங்கள், மாசிக்குப் பிறகு பார்க்கலாம். 1659 நவம்பரில் வங்கக் கடல் புயலில் பாய்மரம் இழந்துதான் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் வந்த கப்பல் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. பெரிய கப்பலுக்கே அந்த நிலை என்றால் 19 அடி எம்மாத்திரம்? மற்ற மாதங்களிலும் காலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கேட்காமல் கயிறு அவிழ்க்காதீர்கள்.

நீச்சல் அரைகுறை என்றீர்கள். பரவாயில்லை, உயிர்காப்பு அங்கியை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வாருங்கள். இருக்கைக்குக் கீழே மடித்து வைத்தால் பயனில்லை. 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். கரை அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது. நீச்சல் தெரிந்த உங்கள் கணவரும் போட வேண்டும்.

சரி, தொடங்குவது எப்படி? ஒரு ஞாயிறு காலை, காற்று எழும்புமுன், அவரை அணியத்தில் இருத்திவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். கைபிடியை வலப்பக்கம் தள்ளினால் அணியம் இடப்பக்கம் திரும்பும். முதலில் தலை சுற்றும், அரை மணியில் கை பழகிவிடும். எஞ்சினிலிருந்து தண்ணீர் நூல்போலப் பீச்சுகிறதா என்று பார்க்கப் பழகுங்கள். அது நின்றால் எஞ்சின் சுடுகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும். பிறகு ஒரு வெறும் ஐந்து லீட்டர்க் கேனைத் தண்ணீரில் எறிந்து, அதுதான் விழுந்த ஆள் என்று வைத்துக்கொண்டு, காற்றுக்கு எதிர்முகமாக மெல்ல வந்து, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்தி எடுங்கள். பத்துத் தடவை. நனைந்த ஆளைத் தூக்க உங்களால் முடியாது. கால் வைத்து ஏறக் கயிற்றில் கண்ணி போட்டுப் படகோரத்தில் கட்டி வைத்திருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், கரையை ஒட்டித் தண்ணீரில் கட்டி வைத்தே அந்த 25 குதிரைவலு எஞ்சினின் இழுவைக் கயிற்றை நீங்கள் இழுத்துப் பாருங்கள். உங்கள் தோளுக்கு அது எழும்பவில்லையென்றால் பட்டன் ஸ்டார்ட் பூட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது மாற்றிச் சின்ன எஞ்சின் எடுக்கச் சொல்லுங்கள். வேகம் குறையும் என்று அவர் முகம் சுளிக்கலாம். அப்போது இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.