சிங்கப்பூரில் பல்வலி, தஞ்சாவூரில் வழக்குப் போடலாமா?

கேள்வி: பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன். 12ஆம் நாள் கடைவாய்ப் பக்கம் வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, சீழை வெளியேற்றி, ரூட் கேனால் செய்து, ஊர் திரும்புவதற்குள் கேப்பும் போட்டுவிட்டார்கள். மொத்தம் 2,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பயணக் காப்பீட்டு நிறுவனமோ, 'அது ஏற்கெனவே அடைத்த பல், எனவே முன்பே இருந்த நோய்' என்று ஒரு பைசாகூடத் தர மறுத்துவிட்டது. 7 ஆண்டுகளுக்கு முன் அடைத்த பல்தான். அதன் பிறகு வலித்ததே இல்லை. வழக்குப் போட சிங்கப்பூர் போக வேண்டுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் சண்டை சிங்கப்பூர் டாக்டரோடு இல்லையே. பாலிசி கொடுத்தது இங்குள்ள நிறுவனம், வழக்கும் இங்கேதான்.

முதலில் பாலிசியில் 'முன்பே இருந்த நோய்' என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இப்போதைய விளக்கப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது சிகிச்சை பெறச் சொன்ன நோய்தான் அதில் வரும். 7 ஆண்டுக்கு முன் அடைத்து, அப்புறம் சும்மா இருந்த பல்லை இதற்குள் நுழைப்பது சிரமம். தவிர, பாலிசியின் விலக்கு (இதற்குப் பணம் இல்லை என்னும் விதி) ஒன்றைக் காட்டிப் பணம் மறுத்தால், அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொன்னது இது.

ஆனால் 2,300 வெள்ளியும் வந்துவிடும் என்று நம்பிக்கை தர மாட்டேன். பயணப் பாலிசிகள் பல்லுக்குத் தருவது பெரும்பாலும் திடீர் வலியைத் தணிக்கும் செலவை மட்டுமே. அதற்கும் ஓர் உச்சவரம்பு, நம் கையிலிருந்து போகும் முதல் தொகை எல்லாம் உண்டு. எக்ஸ்ரே, சீழ் எடுத்தது, மருந்து ஆகியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். ரூட் கேனாலையும், வலி நிற்க வேறு வழியில்லை என்று அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தால், கேட்கலாம். கேப்பை விட்டுவிடுங்கள், ஊருக்கு வந்து போட்டிருக்கலாமே என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே செலவு தனித்தனியாகப் பிரித்த பில்லும், வீக்கத்தோடு வந்தீர்கள் என்ற குறிப்பும் அவசியம். அங்கே இருக்கும் உங்கள் வீட்டாரை இந்த வாரமே கிளினிக்குக்கு அனுப்பி வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன், நிறுவனத்தைச் சேராதவர்) போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் வைக்க முடியாது. என் பிழைப்புக்கு இது கெடுதல் என்றாலும், இந்தத் தொகைக்கு அதுதான் சரியான இடம். ஆன்லைனிலும் புகார் தரலாம். உங்கள் புகாரை நிறுவனம் மறுத்த கடிதம் கிடைத்த ஓராண்டுக்குள் போக வேண்டும், பதிலே வராவிட்டால் அந்த ஒரு மாதம் முடிந்த ஓராண்டுக்குள்.

அங்கே தீர்வு பிடிக்கவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். கெடு 2 ஆண்டு. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். ஆணையத்தில் வழக்கு இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். மறுப்புக் கடிதத்தின் தேதி எழுதவில்லையே நீங்கள்? அந்த 2 ஆண்டுக் கணக்குக்கு அது வேண்டும். உறையையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.