"ஆல்ரைட்?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லாதீர்கள்

இங்கிலாந்தின் டெர்பி நகருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நர்ஸ் சிஸ்டர் ஒருவர் கேட்டிருந்தார்: "வார்டில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் 'ஆல்ரைட்?' என்று கேட்கிறார்கள். நான் நின்று பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் லிப்டுக்குள் போய்விடுகிறார்கள். என் முகம் அவ்வளவு சோர்ந்தா தெரிகிறது? இல்லை, என்னைப் பிடிக்கவில்லையா?"

சிஸ்டர், உங்கள் முகத்துக்கு ஒன்றுமில்லை. அது கேள்வியே இல்லை. நம் ஊரில் தெருவில் போகிறவர் "என்ன, சாப்டாச்சா?" என்றால் எத்தனை இட்லி, என்ன சட்னி என்றா கணக்குச் சொல்கிறோம்? நீங்களும் "ஆல்ரைட்?" என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கேள்விக்குக் கேள்வியா என்று தோன்றும், ஆமாம், இங்கே அப்படித்தான். மிஞ்சிப் போனால் "யா, யூ?" போதும், முதுகுவலி, நைட் ட்யூட்டி, தூக்கமில்லை என்றெல்லாம் ஆரம்பித்தால் கேட்டவர்தான் திருதிருவென்று முழிப்பார். உங்கள் டெர்பி, பக்கத்து நாட்டிங்காம், ஸ்டோக் பக்கமெல்லாம் அதன் வாலில் "மீ டக்" என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வாத்து என்று திட்டவில்லை, பிரியமாகக் கூப்பிடுகிறார்கள். பிரிஸ்டல் பக்கம் போனால் "ஆல்ரைட், மை லவ்வர்" என்று வயதான அம்மாகூடச் சொல்வார். அங்கே வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண் ஒருத்தி முதல் வாரமே மிரண்டுபோய் எனக்கு போன் போட்டாள்.

ஆனால் எல்லா ஆல்ரைட்டும் வணக்கம் இல்லை. நடந்துகொண்டே வாய்க்குள் முணுமுணுத்தால் வணக்கம். நின்று, முகத்தைப் பார்த்து, "ஆர் யூ ஆல்ரைட்?" என்று முழுசாகக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தால் அவர் நிஜமாகவே விசாரிக்கிறார், அப்போது தாராளமாக உண்மையைச் சொல்லலாம். கடையில் "யூ ஆல்ரைட் தேர்?" என்றால் "என்ன வேண்டும்?" என்று அர்த்தம், சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். "ஐம் ஆல்ரைட்" என்றால் பல நேரம் "வேண்டாம்" என்று பொருள். டீ வேண்டுமா என்று கேட்டு "ஐம் ஆல்ரைட், தேங்க்ஸ்" என்று வந்தால் போடாதீர்கள். டீயோடு போனால் பரவாயில்லை, நோயாளி சொல்லும்போதுதான் சிக்கல். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் படுத்திருக்கும் தாத்தாவிடம் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். "ஐம் ஆல்ரைட், டக்" என்று சிரிப்பார். கை மட்டும் கட்டில் கம்பியை விடாது, விரல் மூட்டெல்லாம் வெளுத்திருக்கும், கால் பக்கம் போர்வை பட்டாலே மூச்சைப் பிடிப்பார். அவர் சொன்னது "வலி இல்லை" என்பதல்ல, "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்பது. இந்த ஊர் வயதானவர்களுக்கு நர்ஸைத் தொந்தரவு செய்வது பெரிய பாவம். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்க இங்கே மார்க் போடும் நியூஸ் 2 சார்ட்டும் உங்களைக் காப்பாற்றாது. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதில் மார்க் உண்டு, வலிக்கு இல்லை. அதனால் எல்லா நம்பரும் அழகாக இருக்கும்போதே மனிதர் துடித்துக்கொண்டிருக்கலாம். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார், அப்புறம் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். ஆகவே "ஆல்ரைட்டா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "திரும்பிப் படுக்கும்போது, இருமும்போது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?" என்று கேளுங்கள். படுத்திருக்கையில் ஒன்று என்றவர் அசையும்போது ஏழு என்பார். நோட்ஸிலும் அவர் சொன்ன ஆல்ரைட்டை எழுதி வைக்காமல் அந்த நம்பரை எழுதுங்கள். இங்கே வருவதற்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கு நாம் மாங்கு மாங்கென்று படித்ததில் இது ஒன்றும் வரவில்லை.

இன்னொரு பக்கம், இந்தச் சொல்லை நீங்கள் சொல்லும்போதும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். நமக்கு யார் பேசினாலும் இடையிடையே "சரி, சரி" என்று போடுகிற பழக்கம். அதை அப்படியே "ஆல்ரைட், ஆல்ரைட்" என்று வேகமாகச் சொன்னால் "போதும், நிறுத்து" என்று எரிந்து விழுவது போலக் கேட்கும், அதுவும் வார்டு மேனேஜரிடம்! "ஓகே" என்று ஒருமுறை சொன்னால் போதும். அதே மேனேஜர் "வுட் யூ பி ஆல்ரைட் டு டூ சாட்டர்டே?" என்று கேட்டால் அது பேச்சுவாக்கு இல்லை, சனிக்கிழமை ட்யூட்டி. கேட்டுக்கொண்டேன் என்ற அர்த்தத்தில் நீங்கள் தலையாட்டினால் ரோஸ்டரில் பேர் ஏறிவிடும். முடியாது என்றால் "சாரி, ஐ கான்ட் திஸ் சாட்டர்டே" என்று அங்கேயே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காரணம்கூடக் கேட்க மாட்டார்கள் பெரும்பாலும். புதிதாக வந்தவர்கள் இதற்குப் பயந்துதான் மாதக்கணக்கில் எல்லா வார இறுதியும் உழைக்கிறார்கள்.

பாராட்டுக்கு வந்தால் சொல் கொஞ்சம் இளைத்துவிடும். உங்கள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு "இட்ஸ் ஆல்ரைட்" என்றால் சுமார்தான், அடுத்த முறை காரத்தைக் குறையுங்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் உங்களைப் பற்றி "ஷீ இஸ் ஆல்ரைட், ஹர்" என்று பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம், உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். லீவு சேர்த்து வைத்து நான்கு வாரம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னவுடன் "ஆல்ரைட் ஃபார் சம்!" என்று யாராவது சொல்வார்கள். "உனக்கென்னம்மா, கொடுத்து வைத்தவள்" என்கிற செல்லப் பொறாமைதான். சிரித்துக்கொண்டே போங்கள், வரும்போது ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தால் அந்தப் பொறாமையும் போய்விடும்.

உங்களுக்கு ஆஸ்கி, அதாவது இங்கே நர்ஸாகப் பதிவு செய்வதற்கான செய்முறைத் தேர்வு, இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இந்தச் சொல்லே வேண்டாம். பேரைச் சொல்லி அறிமுகம், கையில் கட்டிய பட்டையில் பேர், பிறந்த தேதி சரிபார்ப்பது, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்பது, அப்புறம் வலி எவ்வளவு என்பது, இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், யாராவது ஒரு தோழியைக் கட்டிலில் படுக்க வைத்து. கேட்டவுடன் "ஐம் ஆல்ரைட்" என்றே அவர் அடம்பிடிக்கட்டும், அதைத் தாண்டி அடுத்த கேள்வியைக் கேட்டுப் பழகுவதுதான் பயிற்சி.