சோழர் காலத்து அம்மன் விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர், பழைய சிற்பங்கள் மேல் ரொம்ப நாளாக ஆசை. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு தரகர், 14 அங்குல உயரத்தில் ஓர் அம்மன் சிலையின் படங்களைக் காட்டி, "சோழர் காலத்து ஐம்பொன், பழைய ஜமீன் குடும்பத்துப் பூஜையறையில் இருந்தது" என்று சொல்லி, 1968 தேதி போட்ட ஒரு கடிதத்தின் நகலையும் கொடுத்திருக்கிறார். வாசகர் கேட்பது மூன்று: இது அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா? பாட்டி காலத்துக் கிருஷ்ணர் சிலை ஒன்று வீட்டில் இருக்கிறது, அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா. முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அசலா போலியா என்பது இரண்டாவது கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எந்த ஊர்க் கோயிலுடையது என்பது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் உற்சவர்கள், அதாவது கருவறையில் இருக்கும் மூலவருக்குப் பதிலாக வீதியுலா போவதற்காக ஒரு குறிப்பிட்ட கோயிலுக்கென்றே வார்த்தவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள், ராஜராஜனும் அக்கா குந்தவையும் கொடுத்த திருமேனிகளை உயரம் எத்தனை முழம் எத்தனை விரல், கை எத்தனை, பீடம் எப்படி என்று அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஊரும் பேரும் உள்ள ஒன்று ஒரு தரகரின் கைக்கு எப்படி வந்தது? உங்கள் சிலை போலி என்றால் பணம் போகும், அவ்வளவுதான். அசல் என்றால்தான் பெரிய தொல்லை.

அந்தக் கடிதத்துக்கு வருவோம். 1968 என்ற வருடத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் வந்தது 1972ல், அமலானது 1976ல். கலாச்சாரச் சொத்துகளைத் திருட்டுத்தனமாகக் கடத்துவதற்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ல். அதனால் திருட்டுச் சிலைகளுக்குக் கதை தயாரிப்பவர்கள், சட்டம் வருவதற்கு முன்பே கைமாறியது என்று காட்ட, பெரும்பாலும் அந்த வருடங்களுக்கு முன்னாலோ அதை ஒட்டியோ ஒரு தேதியைப் போடுவார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோது கூடவே வந்த காகிதம், 1970ல் டெல்லியில் ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி வாங்கியது என்று சொன்னது. விருத்தாசலம் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரருக்கும் 1970ல் வாங்கியதாக ஒரு ரசீது இருந்தது, அது போய்ச் சேர்ந்த இடம் சிட்னி. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1974ல் எடுத்த படத்தில் அர்த்தநாரீஸ்வரர் விருத்தாசலத்தில் தன் கோஷ்டத்திலேயே, அதாவது கோயில் சுவர் மாடத்திலேயே, நின்றுகொண்டிருக்கிறார். 1970ல் விற்றுப்போனவர் 1974ல் கோயிலில் எப்படி நிற்பார்? இரண்டு சிலைகளும் 2014ல் திரும்பி வந்தன. இரண்டையும் விற்றவர் சுபாஷ் கபூர், நியூயார்க்கில் கடை வைத்திருந்தவர், 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டார், 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பெரிய அருங்காட்சியகங்களே இப்படிக் காகிதத்தை நம்பி ஏமாந்திருக்கின்றன, உங்கள் கையில் இருப்பதோ ஒரு நகல்.

கடிதத்தைத் தள்ளிவிட்டுச் சிலையையே சாட்சி கேட்கலாம். அடுத்த முறை தரகர் படம் அனுப்பும்போது மூன்று இடங்களைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: பீடம், முதுகு, அப்புறம் இடுப்பு மடிப்பு, காதோரம் மாதிரியான பள்ளங்கள்.

பீடத்தில் கழி செருகவோ கயிறு போட்டுக் கட்டவோ துளையும் வளையமும் இருந்தால் அது வாகனத்தில் ஏறி வீதி சுற்றிய திருமேனி. பூஜையறைச் சிலைக்கு அது எதற்கு? அங்கேயே ஜமீன் கதை அடிபட்டுப் போகிறது. பீடத்தின் ஓரத்தில் அரம் போட்டு ராவின மாதிரி ஒரு பட்டை பளபளத்தால் இன்னும் மோசம், ஊர்ப் பெயரோ கொடுத்தவர் பெயரோ பொறித்திருந்ததை யாரோ எடுத்திருக்கலாம்.

பள்ளங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் நடந்த சிலையில் மூக்கு நுனி, உதடு, முழங்கால் எல்லாம் கை பட்டுப் பட்டு மழுங்கி வழவழவென்று இருக்கும், இடுக்கில் காய்ந்த சந்தனமும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்திருக்கும், பச்சைக் களிம்பு கனமாக ஏறியிருக்காது. மாறாக உடம்பெல்லாம் பச்சை பூத்து இடுக்கில் மண் கெட்டித்திருந்தால், அது பூஜையறையிலிருந்து வரவில்லை, பூமிக்குள்ளிருந்து வந்திருக்கிறது. படையெடுப்புக் காலங்களில் கோயில்காரர்களே புதைத்து வைத்த சிலைகள் காவிரிக் கரை நெடுகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அப்படிக் கிடைப்பதை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் கைமாறியது என்றால் உங்களிடம் வரும்போதும் அந்தக் குற்றம் கூடவே வரும்.

சரி, களிம்பே போலியாக இருந்தால்? அமிலம் தடவி மண்ணில் புதைத்து எடுத்துப் 'பழசாக்குவது' இன்றைக்கும் நடக்கிற தொழில்தான். அந்தப் பச்சை பெரும்பாலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராக, பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். தேய்மானத்தையும் கவனியுங்கள், கை எட்டாத இடமும் தேய்ந்திருந்தால் அது பூஜையால் வந்த தேய்மானம் இல்லை. முதுகைப் பார்க்கச் சொன்னதும் அதற்குத்தான். அலங்காரம் செய்தால் பின்புறம் யாருக்கும் தெரியாது, ஆனாலும் அந்தக் கால ஸ்தபதி தலைக்குப் பின்னால் சிரச்சக்கரத்தையும் தோளில் புரளும் சடையையும் ஆடை முடிச்சையும் முன்பக்கத்துக்குக் குறையாமல் செய்திருப்பார். அவசர நகல்களில் முதுகு மொட்டையாக இருக்கும். இதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், இதை வைத்து அசல் என்று யாரும் முத்திரை குத்த முடியாது. நம் ஊர்த் திருமேனிகள் உள்ளே கெட்டியாக வார்த்தவை, களிமண் கரு இல்லை, அதனால் சுட்ட மண்ணை வைத்து வயது சொல்லும் சோதனைக்கும் வழியில்லை.

வாங்கினால் என்ன ஆகும்? 100 வயது தாண்டிய சிலையைச் சொந்தமாக வைத்திருப்பது குற்றமில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கல், உலோகம், மரம், சுடுமண், தந்தம் எதில் செய்த தொன்மையான சிற்பமானாலும் பதிவு செய்திருக்க வேண்டும், கைக்கு வந்த 15 நாளுக்குள். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். விற்பதைத் தொழிலாகச் செய்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது, மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. தரகரிடம் உரிமத்தையும் படம் ஒட்டிய பதிவுச் சான்றையும் கேளுங்கள், சான்றில் இருக்கும் உயரத்தை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு நண்பர் இதைச் செய்யாமல் ஒரு விஷ்ணு சிலை வாங்கினார். சான்று அசல்தான், ஆனால் அது வேறொரு விஷ்ணுவுடையது, இரண்டு அங்குலம் குட்டை. இன்னொன்று, பதிவு செய்ததாலேயே உரிமை வந்துவிடாது. திருடியவனுக்கு இல்லாத உரிமை அவனிடம் வாங்கியவருக்கு எங்கிருந்து வரும்?

பத்தூர் நடராஜர் வழக்கு இதற்கு நல்ல பாடம். திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976ல் மாட்டுக் கொட்டகைக்குத் தோண்டும்போது கிடைத்த சிலை, கைமாறிக் கைமாறி லண்டனில் ஒரு கனடா நிறுவனத்திடம் போனது. அவர்களிடமும் பொய்யான ஒரு பூர்வீகக் கதை இருந்தது. பத்தூரில் கிடைத்த மற்ற சிலைகளோடு உலோகத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடிந்து கிடந்த கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது, 1991ல் நடராஜர் ஊர் திரும்பினார். பாழடைந்த கோயில்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று தரகர்கள் சொல்வார்கள். அந்தச் சிவன் கேட்டார் ஐயா, எனக்கு அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கும்.

நீங்கள் சும்மா மறுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். படங்களையும் கடித நகலையும் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குக் கொடுங்கள். அந்தப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய படங்கள் இருக்கின்றன, அதில் எங்கோ ஒரு மண்டபத்தில் இந்த அம்மன் நின்றுகொண்டிருக்கலாம். அந்த ஊரில் ஆடிப்பூரத்துக்குப் பீடம் மட்டும் காலியாக இருக்கும்.

ஆசையை என்ன செய்வது? தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போய் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் ஒரு முழுக் காலை நில்லுங்கள். 1011ல் செய்தது, பக்கத்தில் தேவி அடுத்த வருடம். சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, காலை மாற்றிப் போட்டு, வலது கையைக் காளை மேல் ஊன்றி நிற்கிறார், காளைதான் இல்லை, ஆனாலும் அந்த முழங்கையின் தளர்வில் காளையின் முதுகு தெரிகிறது. வருடம் தெரிந்த சிலைகளை இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணைத் தரகர்களால் ஏமாற்றுவது கஷ்டம். வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றால் சுவாமிமலைக்குப் போங்கள். தென்னை ஓலையை மடித்து அளவெடுத்து, மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, இன்றைக்கும் அதே முறையில்தான் வார்க்கிறார்கள். உங்கள் பெயரில் பில் வாங்கி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் புதுச் சிலைக்கும் கேட்பார்கள்.

பாட்டியின் கிருஷ்ணர் 100 வயதைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு என்றால் பதிவு செய்துவிடுவதே நல்லது. நாலு பக்கமும் படம், உயரம், எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எல்லாவற்றையும் எழுதி உங்கள் பகுதித் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். தொன்மையானதா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள். பாட்டி அந்தச் சிலையோடு இருக்கும் பழைய கல்யாணப் புகைப்படம் எதுவும் பரணில் கிடந்தால் அதையும் தேடி எடுத்து, பின்னால் பெயரும் வருடமும் எழுதி, சான்றோடு சேர்த்தே வையுங்கள். பளபளப்பு வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம்.