மொறட்டுவை இல்லையென்றால் மட்டமா? – உயர்கல்வி கேள்வி பதில்

கேள்வி: மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினவன். அவனுடைய இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) மொறட்டுவைப் பொறியியல் வராது. ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) அல்லது கிளிநொச்சி (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம்) வரும் போலிருக்கிறது. “மொறட்டுவை, பேராதனை தவிர மற்றதெல்லாம் பேருக்குத்தான், இன்னொருமுறை எழுதட்டும்” என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– தாயொருவர், உப்புவெளி

பதில்: அம்மா, “நல்ல கம்பஸ்” என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் வெட்டுப்புள்ளியைத்தான். அது கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி. எத்தனை பேர் அந்த இடத்துக்கு அடிபட்டார்கள் என்பது அதில் தெரியும். எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பது தெரியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அட்டவணையை எடுத்து, ஒரே பாடநெறிக்குக் கொழும்பு மாவட்டத்தின் எண்ணையும் திருகோணமலையின் எண்ணையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கும். பொறியியல், மருத்துவம் போன்றவற்றில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எங்கள் திருகோணமலை மாவட்டமும் அந்த 16இல் ஒன்று. ஆக, ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு வெட்டுப்புள்ளியில் வந்தவர்களாக இருப்பார்கள். அந்த எண்ணை வைத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடுவது சரியில்லை.

பொறியியலில் பார்க்கவேண்டியது இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றையொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கையும் இருப்பதால், அந்த அங்கீகாரமுள்ள பட்டம் உடன்படிக்கையிலுள்ள மற்ற நாடுகளிலும் எடுபடும். அங்கீகாரம் முழுப் பீடத்துக்கும் ஒரேயடியாகக் கொடுக்கப்படுவதில்லை. சிவில், மின், இயந்திரம் என்று துறை துறையாக, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். மகன் எடுக்க நினைக்கும் துறையின் பெயரை நிறுவகத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மொறட்டுவையின் பெயருக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டோம். கொழும்பு நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, மூத்த மாணவர்கள் அங்கே பதவிகளில் இருக்கிறார்கள்; தொழிற்பயிற்சிக்கும் முதல் வேலைக்கும் அது நன்றாகவே உதவும். நாலைந்து வருட அனுபவம் வந்தபிறகு கேட்கப்படுவது செய்த வேலையைப் பற்றித்தான்.

திரும்ப எழுதுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பௌதிகவியலில் 65 புள்ளி, நாட்டின் சராசரி 47, நியமவிலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) 12 என்று வையுங்கள். 65இல் 47 போக 18. அதை 12ஆல் வகுத்தால் 1.5. மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்த சராசரிதான் இசட் புள்ளி. அடுத்த வருடம் அதே 65ஐ எடுத்தாலும், நியமவிலகல் மாறாமல் நாட்டின் சராசரி 53 ஆகிவிட்டால் அந்தப் பாடத்துக்கு 1.0தான். கூடப் படித்தும் இசட் புள்ளி இறங்குவது இதனால்தான். பல்கலைக்கழக அனுமதிக்கு மொத்தம் மூன்று தடவைதான் எழுதலாம். இது முதல் தடவை, ஒரு பாடம் மட்டும் சறுக்கியது என்றால் யோசிக்கலாம். மூன்று பாடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் கிடைத்ததை எடுத்து, வகுப்புத் தொடங்குமுன் ஆங்கிலத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். தமிழில் கணிதம் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் விழுவது கணக்குத் தெரியாமல் அல்ல, வினாத்தாள் ஆங்கிலத்தில் இருப்பதால். இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள்.

கேள்வி: கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் வெளிநாட்டுப் பட்டம் படிப்பது மதிப்பு என்கிறார் மாமா.
– மாணவி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, கோணேசபுரியில் கற்கைக் கட்டணம் இல்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். கொழும்பில் கட்டணத்தோடு அறை வாடகையும் சாப்பாடும் சேரும். அப்படியிருந்தும் மாமா சொல்வதுபோல் போவதென்றால், காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? படிப்புத் தகைமைகளை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம்? 5 என்றால் பொதுப் பட்டம், 6 என்றால் சிறப்புப் பட்டம், 4 என்றால் உயர் டிப்ளோமாதான். “டிகிரி மாதிரி” என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் காசைக் கட்டாதீர்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எப்படிப் போடுவது?
– மாணவன், கிண்ணியா

பதில்: மனதில் இருக்கும் ஒழுங்கிலேயே, தம்பி. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதல் பாடநெறியைத் தருவார்கள். “கிடைக்கிறதை முதலில் போடுவோம்” என்று போட்டால், மேலே வந்திருக்கக்கூடிய இடம் கைவிட்டுப் போகும். பதிவு செய்தபின் அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கப் பொதுவாக இடமில்லை, எனவே படிக்கவே விருப்பமில்லாத பாடநெறியை எழுதாதீர்கள். ஒவ்வொரு யூனிகோடையும் (பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் காட்டும் குறியீடு) மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் குறியீடு மாறும்.