தோட்டக் குறிப்பேடும் எக்ஸ்எஸ்எல்டி விதிகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தின் குறிப்பேடு ஒரு மென்பொருளிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக (தகவல்களைப் பெயரிட்ட டேக்குகளுக்குள் அடைத்துத் தரும் கோப்பு) வருகிறது. அராபிகா, ரொபஸ்டா, ஊடுபயிரான மிளகு, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் என எல்லாம் பிளாக் வாரியாக அதில் இருக்கின்றன. அதை அட்டவணையாக்க எக்ஸ்எஸ்எல்டியில் (எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) ஸ்டைல்ஷீட் எழுதினேன். பிழைச் செய்தி வரவில்லை, அட்டவணையும் வரவில்லை. கோப்பிலுள்ள எழுத்தெல்லாம் ஒரே பத்தியாகக் கொட்டிக் கிடக்கிறது. கோப்பின் முதல் வரிகளை இணைத்துள்ளேன். – ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: எழுத்தெல்லாம் கொட்டிக் கிடப்பதே இங்கே முக்கியமான தடயம். ஸ்டைல்ஷீட் என்பது மேலிருந்து கீழாக நிறைவேறும் கட்டளைகளின் வரிசை அல்ல. ‘இப்படிப்பட்ட உறுப்பைக் கண்டால் இதை எழுது’ என்னும் விதிகளின் தொகுப்பு (உறுப்பு என்பது ஒரு டேக்கும் அதன் உள்ளடக்கமும்). நீங்கள் விதி எழுதாத உறுப்புகளுக்கும் எக்ஸ்எஸ்எல்டி தன்னிடம் உள்ளமைந்த விதிகளை வைத்திருக்கிறது: உறுப்பைக் கண்டால் அதன் உள்ளே இறங்கு, எழுத்தைக் கண்டால் அப்படியே வெளியிடு. ஆகவே வெறும் எழுத்து மட்டும் வந்தால், உங்கள் விதிகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றே கொள்ளலாம்.

பொருந்தாததற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய முதல் வரியிலேயே இருக்கிறது. ‘தோட்டம்’ என்னும் வேர் உறுப்பில் ‘எக்ஸ்எம்எல்என்எஸ்’ என்ற பண்பை மென்பொருள் சேர்த்திருக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் ‘பிளாக்’, ‘செடி’ ஆகிய எல்லா உறுப்புகளும் அந்தப் பண்பில் உள்ள முகவரி குறிக்கும் நேம்ஸ்பேஸுக்கு (பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) உரியவை ஆகிவிடுகின்றன. எக்ஸ்பாத் 1.0-இல் (விதிகளில் உறுப்புகளைச் சுட்டும் பாதை மொழி) முன்னொட்டு இல்லாமல் ‘பிளாக்’ என்று எழுதினால், எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத ‘பிளாக்’ என்றுதான் பொருள்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் செயலிக்கு (ஸ்டைல்ஷீட்டை இயக்கும் நிரலுக்கு) இவை வெவ்வேறு பெயர்கள். ஸ்டைல்ஷீட்டின் தலைப்பில் அதே முகவரியை, ஓர் எழுத்தும் மாறாமல், ‘தோ’ என்ற முன்னொட்டுடன் அறிவித்துவிட்டு, ‘தோ:பிளாக்’, ‘தோ:பிளாக்/தோ:செடி’ என்று ஒவ்வொரு படியிலும் முன்னொட்டைச் சேர்த்து எழுதுங்கள். பாதையின் நடுவில் ஓரிடத்தில் விட்டுவிட்டாலும் அந்த இடத்தில் தேடல் வெறுங்கையோடு திரும்பும். 2007-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0 பதிப்பைப் பின்பற்றும் செயலி கிடைத்தால், முன்னொட்டில்லாத பெயர்களுக்கான நேம்ஸ்பேஸை ஒரே பண்பில் சொல்லிவிடலாம்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எழுத்துக் கணுக்களுக்கென்று (டேக்குகளுக்கு இடையே உள்ள எழுத்துப் பகுதிகள்) ஒரு வெற்று விதியைத் தற்காலிகமாக எழுதிவையுங்கள். உள்ளமைந்த விதியின் வழியே கசிவது நின்றுவிடும். அதன்பின் திரையில் தெரிவதெல்லாம் உங்கள் விதிகள் எழுதியவை மட்டுமே. டேக் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருப்பது முற்றிலும் செல்லும். 1998-இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

கேள்வி: வாடிக்கையாளர் பட்டியலைப் பகுதிவாரியாக அகர வரிசையில் அடுக்கினேன். அன்னதானப்பட்டி முதலிலும், அம்மாப்பேட்டை, அரிசிப்பாளையம், அழகாபுரம் ஆகியவை அதன் பின்னும் வருகின்றன. எக்ஸ்எஸ்எல்டிபிராக் செயலியைப் பயன்படுத்துகிறேன். – ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: மொழி எதுவென்று குறிப்பிடாவிட்டால் அந்தச் செயலி யூனிகோடு எண்களின்படியே (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டுள்ள எண்) அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்பாக அமர்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அதுபோலவே ‘ற’, ‘ல’, ‘ள’, ‘ழ’, ‘வ’ என்று அங்கே நிற்பவை நமக்கு ‘ல’, ‘வ’, ‘ழ’, ‘ள’, ‘ற’ என்று வர வேண்டும். புள்ளியும் இடம் மாறி, மெய்யெழுத்துகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. அதனால்தான் அம்மாப்பேட்டைக்கு முன் அமரகுந்தி வந்து நிற்கும்.

1.0 பதிப்பிலேயே இதைச் சரிசெய்யலாம். எழுத்துக்கு எழுத்து மாற்றித் தரும் ‘டிரான்ஸ்லேட்’ என்னும் சார்பு அதில் உண்டு. வரிசைப்படுத்தும் கட்டளையின் தேர்வுப் பண்பில் வெறும் ‘பகுதி’ என்று எழுதாமல், டிரான்ஸ்லேட்(பகுதி, 'லவழளறன்', 'றலளழவஶஃ') என்ற அமைப்பில் எழுதுங்கள் (சார்பின் பெயரை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடவும்). ‘ல’ இருந்த இடத்தில் ‘ற’, ‘ன’ இருந்த இடத்தில் ‘ஶ’, புள்ளி இருந்த இடத்தில் ஆய்தம் என்று மாற்றிப் பார்த்தே செயலி அடுக்கும். இந்த மாற்றம் ஒப்பிடுவதற்கு மட்டுமே. அச்சாகும் பெயரில் ஓர் எழுத்தும் மாறாது. அம்மாப்பேட்டை, அரிசிப்பாளையம், அழகாபுரம், அன்னதானப்பட்டி, அஸ்தம்பட்டி என்று பட்டியல் ஒழுங்காக வந்துவிடும். ஜாகீர் அம்மாபாளையம் மட்டும் இன்னும் ‘ச’ வரிசையை ஒட்டியே நிற்கும், ஏனெனில் ‘ஜ’வுக்கு இந்த முறையில் இடம் ஒதுக்கவில்லை. 2017-இல் வந்த 3.0 பதிப்பில் யூனிகோடு வரிசையாக்க முறையைத் தமிழ் மொழிக் குறியீட்டுடன் அழைக்க வழி இருக்கிறது. அதை ஆதரிக்கும் செயலிக்கு மாற முடிந்தால் அதுவே மேல்.

கேள்வி: எக்ஸ்எம்எல் கோப்பையும் ஸ்டைல்ஷீட்டையும் அப்படியே இணையத்தில் ஏற்றி, உலாவியே அட்டவணையாக மாற்றிக்கொள்ளும்படி விடலாமா? – ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம். உலாவிகள் 1999-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பைத் தாண்டி வரவே இல்லை. அந்த ஆதரவையும் விலக்கிக்கொள்ளப் போவதாகக் குரோம் தரப்பு 2025-இல் அறிவித்துவிட்டது. உங்கள் கணினியிலேயே மாற்றத்தைச் செய்து, கிடைக்கும் எச்டிஎம்எல் பக்கத்தை மட்டும் ஏற்றுங்கள்; ஸ்டைல்ஷீட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.