கறவை மாட்டுக்கு எலும்புத்தூள் தீவனம் போடலாமா?

கேள்வி: ஐந்து கறவை மாடு வைத்திருக்கிறேன். புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை. இறைச்சி, எலும்பு அரைத்த தூள் பாதி விலைக்கு வருகிறது, நன்றாக வேகவைத்தது, கிருமி இருக்காது என்கிறார் வியாபாரி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேட் கவ் நோய் வரும் என்று பயமுறுத்துகிறார். என் அப்பாவுக்கு மறதி நோய். அவருக்கும் மூளையில் கெட்ட புரதம் படிவதாக டாக்டர் சொன்னார். இரண்டும் ஒன்றா? பாலில் வருமா?

பதில்: வாங்காதீர்கள். மாட்டுக்கு மாட்டின் மிச்சத்தைப் போடக் கூடாது, அவ்வளவுதான். வியாபாரி சொல்வதில் பாதி சரி, வேகவைத்தால் பாக்டீரியா சாகும். ஆனால் மேட் கவ் நோய்க்குக் காரணம் கிருமியே இல்லை.

மாட்டின் மூளையிலும் நம் மூளையிலும் பிரியான் என்றொரு புரதம் இயல்பாகவே இருக்கிறது. அது மடிந்திருக்கும் விதம் கோணலாகிவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே கோணலாக்கும், அது அடுத்ததை, இப்படியே போய் நரம்பு செல்கள் செத்து மூளையில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். பாலில் உறை ஊற்றுகிற கதைதான். என்ன, உறைமோரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, காய்ச்சினால் செத்துவிடும். இதில் உயிரே இல்லை, அப்புறம் சாவதற்கு என்ன இருக்கிறது? கொதிநீருக்கும், கிருமியைக் கொல்லும் ஃபார்மலின் மருந்துக்கும் இது மசியாது. சொந்தப் புரதம்தானே என்று உடம்பும் எதிர்த்து நிற்பதில்லை. தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் 1982-ல் இதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தபோது பலர் நம்பவில்லை, 1997-ல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

பிரிட்டனில் நடந்தது இதுதான். கன்றுகளுக்கும் கறவைகளுக்கும் புரதச்சத்துக்காக இறைச்சி எலும்புத்தூள் கலந்து போட்டார்கள், அதிலிருந்த கோணல் புரதமும் கூடவே உள்ளே போனது. 1986-ல் நோய் அடையாளம் தெரிந்தது, 1988-ல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். உடனே நின்றதா? இல்லை. உள்ளே போனது வெளியே தெரியவே சராசரியாக ஐந்து வருடம் ஆகும், அதனால் 1992 வரை ஏறிக்கொண்டேதான் போனது. மொத்தம் 1.8 லட்சம் மாடுகளுக்கு மேல். கறவைக்குக் கொண்டுவந்தால் மிரளும், உதைக்கும், பின்னங்கால் தள்ளாடும், பால் வற்றும், கடைசியில் எழுந்திருக்காது. 1996-ல் அது மனிதருக்கும் தொற்றியிருப்பது வெளியே வந்தது. அங்கே 178 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில் மாடுகளில் இந்த நோய் இதுவரை உறுதியானதில்லை. ஆகவே நாளைக்கே உங்கள் தொழுவத்தில் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது வராமல் இருக்க வேண்டுமென்றால் இந்தத் தூளை மாட்டுக்குப் போடாமல் இருக்க வேண்டும், கறவை மாட்டுக்கு இதைப் போட இங்கே தடையும் இருக்கிறது. உடனடி ஆபத்து வேறு: சரியாக வேகாத தூளில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம், அழுகிய இறைச்சி கலந்திருந்தால் பொட்டுலிசம் நஞ்சு இருக்கலாம். நாக்கு தொங்கி, கால் துவண்டு மாடு படுத்துவிடும், பெரும்பாலும் பிழைக்காது. மாடு வெளியே எலும்பைத் தேடிக் கடிக்கிறதென்றால் பாஸ்பரஸ் குறைவு. அதற்குத் தாது உப்புக் கலவையைத் தினம் 30 முதல் 50 கிராம் வரை தீவனத்தில் கலந்து கொடுங்கள், எலும்புத்தூள் வேண்டாம்.

இன்னொன்று, மிரண்டு கத்தி எச்சில் ஒழுக்கும் மாட்டைப் பார்த்தால் மேட் கவ் என்று யோசிக்காதீர்கள், நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெறிநோய். வாயில் கை விட்டுப் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மறதி நோய் பல வகை. அதில் அல்சைமர் என்றால் படிவது அமிலாய்டு பீட்டா, டௌ என்ற வேறு புரதங்கள். நடுக்குவாதத்தில் ஆல்ஃபா சைனூக்ளின். கோணலாக மடிவதும், மூளைக்குள்ளேயே செல்லுக்குச் செல் பரவுவதும் பிரியான் போலவே இருப்பதால்தான் விஞ்ஞானிகள் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் அல்சைமர் மாட்டிலிருந்து வருவதில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒட்டுவதும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம். மேட் கவ் நோயும் பால் வழியாகப் பரவியதற்கு ஆதாரம் கிடையாது, அப்பாவுக்குத் தாராளமாகப் பால் கொடுங்கள்.

தீவனச் செலவுதானே பிரச்சினை? வரப்பில் அகத்தி, சூபாபுல், கொஞ்சம் இடமிருந்தால் வேலிமசால் போடுங்கள், புண்ணாக்கில் ஒரு பகுதி மிச்சமாகும். சூபாபுலை மட்டும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். ரோஜாவுக்கு உரமாக எலும்புத்தூள் வாங்கினால் அந்த மூட்டையைத் தொழுவத்தில் வைக்காதீர்கள், மாடு சாக்கையே நக்கித் தீர்த்துவிடும்.

ஒவ்வொரு மாடும் எத்தனை லிட்டர் கறக்கிறது, இப்போது என்ன போடுகிறீர்கள் என்று எழுதுங்கள், கலவைக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.