சிடி, டிவிடி போன்ற டிஸ்க் எழுதும்போது கணினியில் வேறு வேலை செய்யலாமா?

செய்தால் டிஸ்க் வீணாகும் என்பது ஒரு காலத்தில் உண்மை. அந்தக் கோளாறுக்குப் பெயர் 'பஃபர் அண்டர்ரன்': எழுத வேண்டிய தரவு நேரத்துக்கு வராமல் டிரைவ் வெறுங்கையோடு நிற்பது.

சுழலும் தட்டில் லேசர் இடைவிடாமல் எழுதிக்கொண்டே போக வேண்டும். சிடியில் 1எக்ஸ் வேகம் என்றால் நொடிக்கு 150 கிலோபைட். 52எக்ஸ் என்றால் உச்சத்தில் சுமார் 7.8 மெகாபைட். ஹார்ட் டிஸ்கிலிருந்து தரவு அவ்வளவு சீராக வராது. அதனால் டிரைவுக்குள்ளேயே சில மெகாபைட் தற்காலிக நினைவகம் வைத்திருப்பார்கள். அதுதான் பஃபர். மாடித் தொட்டி மாதிரி: மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும், தொட்டி காலியாகாதவரை குழாயில் தண்ணீர் நிற்காது. நடுவில் பெரிய கோப்பை நகலெடுத்தாலோ கேம் திறந்தாலோ தொட்டி வற்றிவிடும். பழைய டிரைவ்களுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிஸ்க் என்றால் குப்பைக்குத்தான்.

2000 வாக்கில் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் போன்ற நுட்பங்கள் வந்து, நின்ற புள்ளியிலிருந்தே தொடர வைத்தன. இப்போது தாராளமாகப் பாட்டுக் கேட்கலாம், பிரவுசர் திறக்கலாம். எழுதும் கோப்புகள் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்கைப் போட்டு வாட்டாமல் இருந்தால் போதும். (நான் இன்றும் உச்ச வேகத்தில் எழுதுவதில்லை.)

வீடியோ என்கோடிங், அதாவது வீடியோவைச் சுருக்கி வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை, வேறு ரகம். அதற்குக் கெடு கிடையாது. பிராசஸர் ஒழியும்போது அடுத்த ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) நடக்கும். கூடவே வேலை பார்த்தால் வீடியோவின் தரம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது, முடிய நேரம்தான் கூடும். நேரலைப் பதிவு மட்டும் விதிவிலக்கு.